விரலுக்கேற்ற மவுஸ்

நல்ல தையற்காரர் ஒருவரிடம் சென்று அவருடைய கத்தரிக்கோலை இரவல் கேட்டுப் பாருங்கள். பணம் கேட்டாலும் தந்துவிடுவார், கத்தரிக்கோலைத் தரமாட்டார். நம் வீட்டுச் சமையலறையிலும் அம்மாவின் கைக்குப் பழகிய அரிவாள்மனை ஒன்று உண்டு. அதன் முன் வேறொருவர் அமர்ந்தால் காய் நறுக்க வராது. தொழில் எதுவாயினும் கைக்கு இசைந்த கருவி பாதி வேலையைத் தானே செய்துவிடும் என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. அமைச்சனுக்கு வேண்டியவற்றை எண்ணிச் சொல்லப் புகுந்த வள்ளுவப் பெருந்தகையும் கருவியைத்தான் முதலில் வைத்தார்.

ஆனால் கணினியின் முன் அமரும் நாம் என்ன செய்கிறோம்? திரையின் அளவைக் கேட்கிறோம், நினைவகத்தின் அளவைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். மணிக்கணக்காக நம் உள்ளங்கையில் தங்கப்போகும் மவுஸைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கிக்கொண்டு வருகிறோம். பெண்பிள்ளை என்றால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துத் தருகிறார். அதோடு தேர்வு முடிந்தது!

நம்மில் பலருடைய வீடுகளில் படிப்புக்கொரு மவுஸ், விளையாட்டுக்கொரு மவுஸ் என்று இரண்டு வாங்க வசதியில்லை. காலையில் செய்முறைப் பயிற்சிக்கான நிரலை எழுதுவதும், மாலையில் தம்பியோடு சதுரங்கமோ கார்ப் பந்தயமோ ஆடுவதும் ஒரே மவுஸைக் கொண்டுதான். ஆகவே, இரண்டுக்கும் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை நம் தோழியருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

நம் பாடநூல் இதனைச் ‘சுட்டி’ என்று அழகாக அழைக்கிறது. வாய்ப்பேச்சில் எல்லோரும் மவுஸ் என்றே சொல்வதால் நாமும் அவ்வாறே எழுதுகிறோம். தமிழில் ‘மவுசு’ என்றால் மதிப்பு, கிராக்கி என்று பொருள். கணினியை எல்லோரும் கையாளும்படி செய்து அதற்கு மவுசைத் தேடித் தந்ததும் இந்த மவுஸ்தான்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் பணியாற்றினார். அவர் எண்ணத்தில் உதித்த மவுஸை 1964-ஆம் ஆண்டில் பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர் செய்து முடித்தார். அது ஒரு சிறு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். பின்புறம் வால்போல் நீண்ட கம்பியைக் கண்டு யாரோ ‘எலி’ என்று அழைக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், கணினி வல்லுநர் நிறைந்த அவையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். 1970 நவம்பர் 17-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே 1968-இல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் சக்கரத்துக்குப் பதிலாக உருளும் பந்து வைத்த மவுஸை வெளியிட்டது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ கணினியும், 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணினியும் மவுஸோடு வந்தன. 1996-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் வாயிலாக நடுவில் சுழலும் சக்கரம் பரவலாயிற்று. 1999-இல் அதே நிறுவனம் பந்தை நீக்கி, ஒளியால் இயங்கும் மவுஸைக் கடைக்குக் கொண்டுவந்தது. பந்து மவுஸைத் திறந்து உள்ளே உருளைகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டிய அனுபவத்தை நம் ஆசிரியைகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

2013-இல் மறைந்த எங்கல்பார்ட், மனிதர்கள் ஒன்றுகூடிக் கடினமான சிக்கல்களைத் தீர்க்கக் கணினி துணைபுரிய வேண்டும் என்றே வாழ்நாள் முழுதும் உழைத்தார். கைக்குள் அடங்கும் சிறு பொருளின் பின்னால் எத்தனை பெரிய நோக்கம்!

உள்ளே நடப்பது என்ன?

மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறு துளை தெரியும். அதனுள் ஓர் எல்.இ.டி. விளக்கு மேசைப்பரப்பின் மீது சாய்வாக ஒளியை வீசுகிறது. சில மவுஸ்களில் அது சிவப்பாகத் தெரியும். சிலவற்றில் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. சாய்வாக ஒளி படும்போது பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழல் வீழ்த்துகின்றன. அந்த நிழற்கோலத்தை ஒரு சிறு வில்லை வழியாக உள்ளிருக்கும் உணரி ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை படம் பிடிக்கிறது. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, கோலம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. ஓடும் பேருந்தின் சன்னல் வழியே சாலையைப் பார்த்து வேகத்தை நாம் மதிப்பிடுவது போன்றதே இது.

இதிலிருந்து முதற்பாடம் ஒன்று கிடைக்கிறது. பரப்பில் கோலம் இல்லையென்றால் உணரிக்குக் கண் தெரியாது. அதனால்தான் கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் மேற்பரப்பிலும் சாதாரண மவுஸ் தடுமாறுகிறது. நல்ல மவுஸ் வாங்கியும் அம்பு துள்ளுகிறது என்று குறைப்படுவோர் முதலில் அதன் அடியில் ஒரு துணி விரிப்பை வைத்துப் பார்க்கட்டும். விரிப்பு இல்லையா? மங்கிய, வழவழப்பற்ற கெட்டி அட்டை ஒன்று போதும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கோ சில வேளைகளில் உண்மையாகவே கூடம்தான் கோணல்!

முதலில் கையை அளப்போம்

வளையல் வாங்கும்போது அளவு பார்க்கிறோம். காலணி வாங்கும்போது போட்டு நடந்து பார்க்கிறோம். மவுஸுக்கும் அளவு உண்டு. வலக்கையை மேசைமேல் விரித்து வைத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் மடிப்பு வரை அடிக்கோலால் அளந்து கொள்ளுங்கள். 17 செ.மீ.-க்குக் குறைந்தால் சிறிய கை. 17 முதல் 19 செ.மீ. வரை நடுத்தரக் கை. அதற்கு மேல் பெரிய கை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கையின் நீளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு மவுஸின் நீளமாக இருந்தால் பொருந்தும் என்பது ஒரு கைக்கணக்கு. 16 செ.மீ. கைக்கு ஏறத்தாழ 9.6 செ.மீ.; 18 செ.மீ. கைக்கு 10.8 செ.மீ.; 20 செ.மீ. கைக்கு 12 செ.மீ. மருந்துச் சீட்டுப்போல இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் 16 செ.மீ. கையுடைய மாணவி 13 செ.மீ. நீளமுள்ள மவுஸைப் பிடித்தால், பொத்தானை எட்டுவதற்கு விரல்கள் எந்நேரமும் நீண்டு விறைத்தே இருக்கும். விளையாட்டுக்கென விற்கும் பெரிய மவுஸ்கள் பலவும் பெரிய கைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைப் பிடித்து விரல் வலி கண்ட தோழி, ‘எனக்கு விளையாட வரவில்லை’ என்று விலகிவிடுகிறாள். அவளுக்கு விளையாட வராமல் இல்லை. கருவி அவளுக்குப் பொருந்தவில்லை. ‘விரலுக்கேற்ற வீக்கம்’ என்ற பழமொழி பணத்துக்கு மட்டுமன்று, மவுஸுக்கும் பொருந்தும்.

மூன்று வகைப் பிடிகள்

அளவோடு பிடியையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்திருப்பது முதல் வகை. இது இளைப்பாறிய பிடி. நெடுநேரம் கட்டுரை தட்டச்சு செய்வோருக்கும் படிப்போருக்கும் ஏற்றது. இவர்களுக்கு முதுகு சற்று உயர்ந்த, முழு நீள மவுஸ் நன்று.

உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பின்புறத்தைத் தொட, விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து பொத்தான்மேல் நிற்பது இரண்டாம் வகை. விரைந்து சொடுக்க வேண்டிய விளையாட்டுகளில் பலர் இப்படியே பிடிக்கிறார்கள்.

உள்ளங்கை படவே படாமல் விரல் நுனிகளால் மட்டும் நகர்த்துவது மூன்றாம் வகை. நுட்பமான சிறு அசைவுகளுக்கு இது உதவும். ஆனால் மவுஸ் சிறிதாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும்.

நாம் எந்த வகை என்று எப்படி அறிவது? யோசிக்காமல், வழக்கம்போல் பிடித்துக் கொண்டு, பக்கத்தில் இருக்கும் தோழியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நம் பிடியை நம்மைவிட அவள் சரியாகக் கண்டுபிடிப்பாள்.

இடக்கைத் தோழியருக்கு ஒரு சொல்

ஒவ்வொரு வகுப்பிலும் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கணினி ஆய்வகத்தில் அவர்கள் படும் தொல்லை மற்றவர் கண்ணில் படுவதில்லை. எழுதுவது இடக்கையால், மவுஸ் பிடிப்பது வலக்கையால் என்று பழகிக் கொள்கிறார்கள். சிலருக்கு அது எளிது. சிலருக்கோ ஒவ்வொரு கோடும் கோணலாகிறது.

விளையாட்டு மவுஸ்கள் பலவற்றின் உடல் வலக்கைக்கென்றே வளைந்திருக்கும். கட்டைவிரலுக்கான பக்கப் பொத்தான்களும் இடப்புறம் மட்டுமே இருக்கும். எனவே இடக்கைத் தோழியர் இருபுறமும் ஒரே வடிவாக உள்ள மவுஸைக் கேட்டு வாங்குவது நலம். விலை குறைந்த சாதாரண மவுஸ்களில் பெரும்பாலானவை அவ்வடிவிலேயே கிடைப்பது நற்செய்தி. பிறகு கணினியின் அமைப்புகள் பகுதியில் மவுஸ் என்னும் பிரிவுக்குச் சென்று, இட, வலப் பொத்தான்களின் வேலையை மாற்றிக் கொள்ளலாம். பொதுக் கணினியில் மாற்றினால் எழுந்து செல்லும்போது பழையபடி வைத்துவிட்டுச் செல்வது பண்பு. அடுத்து வருபவளும், மாற்றுவதற்காக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் இடக்கைத் தோழியிடம் முகம் சுளிக்காதிருப்பது அதைவிடப் பெரிய பண்பு.

எண்களைக் கண்டு மயங்க வேண்டாம்

மவுஸின் பெட்டிமேல் பெரிய எழுத்தில் 6400, 8000, 12000 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். எண் பெரிதானால் பொருள் உயர்வு என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மை வேறு.

டி.பி.ஐ. என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை எண்ணிக்கைகளைக் கணினிக்கு அனுப்புகிறது என்பதன் அளவு. எண்ணிக்கை ஒன்றுக்கு அம்பு ஒரு புள்ளி நகர்வதாகக் கொள்வோம். 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க, 400 டி.பி.ஐ.-யில் கை 4.8 அங்குலம் நகர வேண்டும்; 800-இல் 2.4 அங்குலம்; 1600-இல் 1.2 அங்குலம். 8000-இல் கால் அங்குலமே போதும்! கால் அங்குலத்துக்குள் திரை முழுவதையும் கடக்கும் அம்பை வைத்துக்கொண்டு ஒரு சிறு பெட்டியின்மேல் நிறுத்த எந்தக் கையால் முடியும்? குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரும் 400 முதல் 1600 வரைக்குள்ளேயே வைத்து ஆடுகிறார்கள். வீட்டு வேலைக்கும் 800 முதல் 1600 வரை தாராளமாகப் போதும். ஆகவே பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று அளவுகளுக்கு மாற்றிக்கொள்ளும் பொத்தான் மவுஸின் மேலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படம் வரையும்போது குறைத்தும், பெரிய அட்டவணையில் வேலை செய்யும்போது கூட்டியும் வைத்துக்கொள்ள அது உதவும்.

இரண்டாவது எண் ஹெர்ட்ஸ். மவுஸ் தன் இருப்பிடத்தை விநாடிக்கு எத்தனை முறை கணினியிடம் சொல்கிறது என்பதே அது. சாதாரண மவுஸ் 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. விளையாட்டு மவுஸ் 1000 முறை, அதாவது 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. 8000 முறை சொல்பவையும் வந்துவிட்டன. நம் வீட்டுத் திரையோ பெரும்பாலும் விநாடிக்கு 60 படங்களே காட்டும்; அதாவது ஏறத்தாழ 17 மில்லி விநாடிக்கு ஒரு படம். கண் ஒன்றைக் கண்டு கை அசைவதற்கு நமக்கு 200 மில்லி விநாடிக்கு மேலும் ஆகலாம். எனவே 125-லிருந்து 1000-க்குச் செல்வதை விரைவான விளையாட்டில் உணரலாம். 1000-க்கு மேல் செலவிடும் பணம் நம்மைப் போன்றோருக்கு வீண்.

இதைவிடப் பயன்தரும் செய்தி ஒன்று உண்டு. அதற்குக் காசும் வேண்டாம். விண்டோஸ் கணினிகளில், கையை வேகமாக நகர்த்தினால் அம்பு கூடுதல் தொலைவு தாவும்படி ஒரு வசதி தொடக்கத்திலேயே இயங்கிக் கொண்டிருக்கும். அன்றாட வேலைக்கு அது சுகமே. ஆனால் ஒரே தூரத்தை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் நகர்த்தினால் அம்பு வெவ்வேறு இடங்களில் நிற்பதால், விளையாட்டில் கை பழகுவதில்லை. மவுஸ் அமைப்புகளில் அம்பின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் அந்தக் குறியை நீக்கிவிட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். பழைய மவுஸே புதிய மவுஸாகும்!

வாலுள்ளதும் வாலில்லாததும்

கம்பியுள்ள மவுஸ் யூ.எஸ்.பி. துளையில் செருகியவுடன் வேலை செய்யும், மின்கலம் வேண்டாம், விலையும் குறைவு. கம்பி மேசை விளிம்பில் உராய்ந்து இழுப்பது ஒன்றே குறை. கம்பியைச் சற்றுத் தளர்வாக விட்டு வைத்தால் அதுவும் தீரும்.

கம்பியில்லா மவுஸ் இரண்டு வகை. ஒன்று, விரல்நுனி அளவான சிறு ஏற்பியைக் கணினியில் செருகி இயக்குவது. இதில் நல்ல தரமானவை கம்பியுள்ளவற்றுக்கு ஈடாக விரைந்து செயல்படும். மற்றது புளூடூத் வழியே இயங்குவது. ஏற்பி தேவையில்லை, துளை மிச்சம், ஆனால் விரைவான விளையாட்டில் சற்றே பின்தங்கும். இரண்டுக்கும் மின்கலம் வேண்டும். சாதாரண பென்சில் மின்கலம் ஒன்றே இருபது கிராமுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடையையும் நம் கைதான் சுமக்கிறது. ஏற்பி தொலைந்தால் பல மவுஸ்கள் பயனற்றுப் போகும் என்பதையும் மறவாதீர்கள்.

2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவ்வாறு அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினி இன்றும் சில வீடுகளில் தங்கைக்குப் பயன்படுகிறது. அதன் தொடுபரப்பில் விரலைத் தேய்த்தே படம் வரைய முயன்று அலுத்தவர்கள் உண்டு. சில நூறு ரூபாயில் ஒரு கம்பி மவுஸ் வாங்கிச் செருகினால் அந்தப் பழைய கணினிக்கே புத்துயிர் வந்துவிடும். குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது அதுவே என்பது எங்கள் கருத்து.

எடையும் பொத்தானும்

சாதாரண மவுஸ்கள் 80 முதல் 120 கிராம் வரை எடையுள்ளவை. விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட சில 60 கிராமுக்கும் குறைவு. சிறிய கைக்கு இலேசான மவுஸ் நல்லது. கையை ஒரு நாளில் எத்தனை நூறு முறை தூக்கி வைக்கிறோம் என்று எண்ணினால் காரணம் விளங்கும்.

பொத்தான்கள் எத்தனை வேண்டும்? இரண்டு பொத்தான், ஒரு சக்கரம் கட்டாயம். கட்டைவிரலருகே இரண்டு பக்கப் பொத்தான்கள் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் செல்லவும் விளையாட்டிலும் உதவும். பன்னிரண்டு பொத்தான் உள்ளவற்றை அதற்கென்றே உள்ள பெரிய விளையாட்டுகளை ஆடுவோருக்கு விட்டுவிடலாம்.

பொத்தானுக்கு அடியில் உள்ள சிறு சுவிட்சுதான் மவுஸின் ஆயுள். ‘2 கோடி சொடுக்குகள்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், நாளுக்கு 5000 சொடுக்குகள் வீதம் 4000 நாட்கள். அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகள். ஆனால் உள்ளிருக்கும் உலோகத் தகடு தேய்ந்தோ கறுத்தோ போனால் அதற்கு முன்பே ஒரு சொடுக்கு இரண்டாக விழத் தொடங்கும். ஆகையால் எண்ணை நம்புவதைவிட உத்தரவாதக் காலத்தை நம்புவதே அறிவுடைமை. ஓராண்டு உள்ளதும் மூன்றாண்டு உள்ளதும் ஒரே விலையில் இருந்தால் எதை எடுப்பதென்று சொல்லவும் வேண்டுமோ?

விளையாட்டு தாழ்ந்ததா?

‘பெண்பிள்ளைக்குக் கணினி விளையாட்டு எதற்கு?’ என்று கேட்போர் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் முதன்முறையாக இணையவழி நடைபெற்றது. இந்தியாவும் ரஷ்யாவும் தங்கத்தைப் பகிர்ந்து கொண்டன. அந்த இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் இடம்பெற்றிருந்தார். அங்கே காயை நகர்த்தியது மவுஸ். இணையச் சதுரங்கத்தில் கை வழுக்கிக் காய் பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. பல மணி நேர உழைப்பு ஒரு வழுக்கலில் போய்விடும். கைக்குப் பொருந்தாத மவுஸினால் எவ்வளவு இழப்பு நேரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அதே வேளையில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடைசெய்தது. ஆட்டம் வேறு, சூதாட்டம் வேறு. முன்னது கையையும் கருத்தையும் கூர்மையாக்கும். பின்னது குடும்பத்தையே அழிக்கும். இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வதும், நாமே அதை மீறாதிருப்பதும் நம் கடமை.

கடையில் செய்ய வேண்டியவை

பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். காசு கொடுப்பவர் நாம். மவுஸைக் கையில் வைத்துக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கங்களில் இயல்பாகப் படிகின்றனவா என்று பாருங்கள். பொத்தானின் முனையை விரல் நீட்டாமல் எட்ட வேண்டும். இரு பொத்தான்களும் ஒரே அழுத்தத்தில், ஒரே ஒலியில் சொடுக்க வேண்டும். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகச் சுழற்றுங்கள். திரை மேலும் கீழும் துள்ளாமல் ஒரே திசையில் செல்ல வேண்டும். மெல்ல அசைத்தால் உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. இறுதியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். நிறமும் மின்னும் விளக்குகளும் மறைந்துவிடும். கை மட்டும் உண்மையைச் சொல்லும். பிறகு ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கையைக் காப்போம்

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்றுண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டை மேலோ கீழோ வளைத்தே வைத்திருந்தால் அவ்வழியில் அழுத்தம் கூடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போவதும் குறுகுறுப்பதும் அந்நரம்பு நமக்கு அனுப்பும் எச்சரிக்கை.

ஆகையால் முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கட்டும். மவுஸ் விசைப்பலகைக்கு அருகிலேயே, அதே உயரத்தில் இருக்கட்டும். மேசையின் கூரிய விளிம்பில் மணிக்கட்டை ஊன்ற வேண்டாம். மணிக்கட்டை மட்டும் திருகாமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்திப் பழகுங்கள். அரை மணிக்கொருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள். வலியும் மரமரப்பும் நாள்கணக்கில் நீடித்தால் தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மவுஸைப் பிடிக்க இயலாத தோழியருக்கும் வழி உண்டு. விண்டோஸ் கணினியில் இடப்புற ஆல்ட், இடப்புற ஷிஃப்ட், நம் லாக் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், எண் விசைகளைக் கொண்டே அம்பை நகர்த்தும் வசதி கிடைக்கும். தேர்வு நேரத்தில் மவுஸ் பழுதானால் நமக்கும் இது கைகொடுக்கும்.

எறியாமல் பேணுவோம்

அம்பு திடீரென்று நடுங்கினால் மவுஸ் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். நீண்ட கூந்தலுடைய நமக்குத் தெரிய வேண்டிய செய்தி இது: உணரித் துளையில் ஒரு தலைமுடி சிக்கினாலே அம்பு ஆடும். கம்பியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும். அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளில் படியும் அழுக்கையும் அவ்வாறே நீக்கலாம். கெட்டுப்போனதையும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தி எறியும் பண்பாட்டைக் கண்டித்திருக்கிறார். ஒரு மவுஸைப் பத்தாண்டு பேணுவதும் அம்மடலுக்குச் செவிசாய்ப்பதே.

முடிவுரை

சுருங்கக் கூறின், முதலில் கையளவு, அடுத்துப் பிடி, பிறகு எடை, பொத்தான், உத்தரவாதம், கடைசியில்தான் எண்களும் நிறமும். 800 முதல் 1600 வரை டி.பி.ஐ. மாற்றும் வசதி, 1000 ஹெர்ட்ஸ், இரண்டு பக்கப் பொத்தான், நம் கைக்கு இசைந்த வடிவம் இவை அமைந்த ஒரு கம்பி மவுஸ் படிப்புக்கும் விளையாட்டுக்கும் போதுமானது. அப்பாவின் உழைப்பில் வந்த பணத்தைப் பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணுக்காகச் செலவிடுவது நியாயமாகாது.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குதிஸ், பதினைந்தாம் வயதில் 2006-இல் இறைவனடி சேர்ந்த இளைஞர். நம்மைப் போலவே கணினியை நேசித்தவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் ஏற்றியதும் அவரே. கணினி விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்க அறிவு வேண்டும். அதைக் கீழே வைக்கவும் அறிவு வேண்டும். இரண்டும் கைவரப் பெற்ற கைகளாக நம் கைகள் விளங்க இறைவன் அருள்வாராக!

கணினி அறிவியல் பிரிவு மாணவியர்,
மேல்நிலை இரண்டாமாண்டு.